மூச்சு விடாமல் பாடினாரா, மூச்சை ஒளித்துப் பாடினாரா?

போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை சமையலறையை விட்டுக் கொஞ்சம் கூடத்துக்கு வந்து உட்காருவோம், சகோதரிகளே. ஒரு பாட்டைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

"உனக்கு எதுக்கும்மா பாட்டு விஷயமெல்லாம்?" என்று என் மகள் சிரித்தாள். வாஸ்தவம்தான். நான் சங்கீதம் கற்றவள் இல்லை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்கு வந்தவள். ஆனால் பாடத்தானே பயிற்சி வேண்டும்? கேட்பதற்கு இரண்டு காது இருந்தால் போதாதா? அதுவும் இந்தப் பாட்டை எங்கள் வீட்டில் கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் ஒரு வார்த்தையின் அர்த்தம் எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன்.

1998-ஆம் வருஷம் சங்கர் மகாதேவன் 'ப்ரெத்லெஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டார். தனி ஆளாக அவர் போட்ட முதல் ஆல்பம் அது. பெயருக்கே மூச்சில்லாமல் என்றுதான் அர்த்தம். ஹிந்திப் பாட்டு எழுதியவர் ஜாவேத் அக்தர். மெட்டுப் போட்டுப் பாடியவர் சங்கர். முதல் பாட்டு சுமார் மூன்று நிமிஷம். பல்லவி, சரணம், நடுவில் வாத்தியம் என்று எதுவும் கிடையாது. ஆரம்பித்தால் ஆரம்பித்ததுதான். காதலில் விழுந்த ஒருவன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கிற மாதிரி, ஒரு வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தை ஓடி வரும்.

அந்தக் காலத்தை ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். சினிமாவில் வராத பாட்டையும் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்ட சமயம் அது. 1995-இல் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா', 1996-இல் லக்கி அலியின் 'சுனோ', 1997-இல் நம்ம ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' என்று வரிசையாக வந்தன. கேபிள் டி.வி.யில் நாள் பூரா ஓடும். அந்த வரிசையில் வந்ததுதான் இதுவும்.

சங்கர் மகாதேவன் பம்பாய் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பாலக்காட்டுப் பக்கம் பூர்வீகம். சின்ன வயசிலேயே வீணை கற்றுக்கொண்டவர். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்து வேலையிலும் இருந்துவிட்டு, அதை விட்டுப் பாட்டுக்கு வந்தவர். பிற்பாடு 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துப் பாட்டுக்காக 2000-ஆம் வருஷத்து தேசிய விருது வாங்கினார். 2024-இல் 'சக்தி' குழுவோடு கிராமி விருதும் வாங்கினார். ஆனால் நான் சொல்கிற சமயத்தில் எங்கள் தெருவில் அவர் பேர் யாருக்கும் தெரியாது.

பெங்களூரில் வேலையாயிருந்த என் அண்ணன் 1999 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்த கேசட்டைக் கொண்டுவந்தான். எனக்கு அப்போது வயசு 20. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் இருந்த டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போட்டு, கையில் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டான். "எல்லாரும் வந்து கேளுங்க. மூணு நிமிஷம். ஒரே மூச்சு!" என்றான், ஏதோ அவனே பாடினது போல.

பாட்டு முடிந்ததும் ஆளாளுக்குச் சொன்னதைக் கேளுங்கள்.

அப்பா சொன்னார்: "ஏன்டா, பின்னால யாராவது துரத்திக்கிட்டு வராங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாவம், ஒரு வாய் தண்ணி கொடுக்கக்கூட பக்கத்துல ஆள் இல்லையா?" என்றாள்.

எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் கோலப்பொடி கேட்க வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று கேட்டார். "வார்த்தை ஒண்ணும் புரியல. ஆனா சுருதி கொஞ்சங்கூட அசையல. இது சும்மா கத்துற பிள்ளை இல்ல. நல்லா பாடம் பண்ணின தொண்டை" என்றார். ஆளைத் தெரியாமலே அவர் சொன்னது எவ்வளவு சரி!

அண்ணனின் சிநேகிதர்கள் சாயங்காலம் வந்தார்கள். இரண்டு கட்சியாகிவிட்டது. "மெஷின்ல வெட்டி ஒட்டியிருப்பாங்கடா" என்று ஒரு கட்சி. "இல்லவே இல்ல, நிஜமா பாடியிருக்காரு" என்று அண்ணன் கட்சி. மொட்டை மாடியில் போட்டி வைத்தார்கள். தோற்றவன் தேரடித் தெருவில் எல்லாருக்கும் பால் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒருத்தனும் தாங்கவில்லை. கண் பிதுங்கி, முகம் சிவந்து, இருமி, சிரித்து, கடைசியில் எல்லாருமே தோற்று, அவரவர் காசில் பால் குடித்தார்கள்.

எங்கள் ஆயா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆயா திருப்புகழ்க் கோஷ்டியில் பாடுகிறவள். அருணகிரிநாதர் எங்கள் ஊர்க்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு நூற்றாண்டுக்கு முந்தியவர். வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து அவர் விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். கம்பத்திளையனார் சன்னிதியில் ஆயா உட்கார்ந்து பாடினால், சந்தம் குதிரை ஓடுகிற மாதிரி ஓடும். அதனால் அண்ணன் அவளைச் சீண்டினான். "என்ன ஆயா, உங்க திருப்புகழைவிட வேகமா இருக்குதா?"

ஆயா நிதானமாகச் சொன்னாள்: "வேகம் கெடக்குது போடா. மூச்சு விடாம எவன்டா பாடுவான்? இந்தப் புள்ள எங்கியோ மூச்சு எடுக்குது, நமக்குத் தெரியாம எடுக்குது. அத்தக் கண்டுபுடி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். கிழவிக்கு ஹிந்தியும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அண்ணன் ஊருக்குப் போகும்போது கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டுப் போனான். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அந்தப் பாட்டோடு ஓடிப் பார்ப்பேன். தலை சுற்றும். நமக்குத்தான் பலம் போதவில்லை, அவருக்கு இருக்கிற மூச்சு நமக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கேசட்டில் இன்னும் பாட்டுகள் இருந்தன. எங்கள் வீட்டில் அவற்றை யாரும் சரியாகக் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. மூச்சு விடாத பாட்டு ஒன்றுதான் எல்லாருக்கும் பாட்டு.

அந்த ஆனியில் கல்யாணம் ஆயிற்று. பெரிய குடும்பம். மாமியார், மாமனார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார். விடிகாலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் முதுகு தரையைத் தொடும். பௌர்ணமி வந்தால் போதும், கிரிவலத்துக்கு வருகிற உறவுக்கூட்டம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். திருவண்ணாமலையில் வீடு இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை! வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: "உன் மருமவ மூச்சு விடாம வேலை செய்யறா." மாமியார் முகம் மலரும். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். சமையலறையில் வேலை செய்துகொண்டே அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டுவேன். அவர் பாட்டில் மூச்சு விடவில்லை, நான் வேலையில் மூச்சு விடவில்லை. என்ன பெருமை பாருங்கள்!

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி. பதினாலு கிலோமீட்டரும் பேசிக்கொண்டே நடக்கிறவள் நான். அன்றைக்கு நிருதி லிங்கம் தாண்டும்போதே கால் பின்னியது. வாயு லிங்கத்துக்கிட்ட போனதும் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஓரமாக உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதுவும் வாயு லிங்கத்துக்கிட்டதானா! அவர் பயந்துபோய் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். நான் ஆஸ்துமாவோ, இருதயமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். ஏழெட்டு மாதமாக அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் போய் என்னவென்று சொல்வது என்று விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

"மூச்சு எப்போதிலிருந்து வாங்குது?" என்றார்.

"மாடிப்படி ஏறினா வாங்கும் டாக்டர். ரொம்ப நாளா. வேலை ஜாஸ்தி, அதனாலன்னு நினைச்சேன்."

"அப்போ உட்கார்ந்து மூச்சு எடுத்துக்குவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன். அதை எப்படிச் சொல்ல?

நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். காற்று உள்ளே போகிறது, ஆனால் அதிலுள்ள பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போக ரத்தத்தில் ஆள் பற்றவில்லை. அதனால்தான் இருதயமும் மூச்சும் இரட்டை வேலை செய்கின்றன என்று விளக்கினார். ஸ்கேன் எடுத்து அதிகப் போக்குக்கும் வைத்தியம் செய்தார். இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டேன்.

இந்த வருஷம்தான் கதை திரும்பவும் பாட்டுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காதில் அந்த முதல் சுரம் விழுந்ததுமே கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஓடினேன். "இது என் பாட்டுடி! ஒரே மூச்சுல பாடினது!" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிசியோதெரபி படிக்கிற பெண். "அம்மா, கணக்குப் போட்டுப் பாரு. ஒரு சாதாரண ஆளு 'ஆ'ன்னு இழுத்தா பதினஞ்சுலேர்ந்து இருபத்தஞ்சு விநாடி. பழகினவங்க இன்னும் கொஞ்சம் கூட. இது நூத்தியெண்பது விநாடி. ஒரே மூச்சுல பாட மனுஷனால முடியாது. ஒரே மூச்சு மாதிரி கேக்கணும்னு அமைச்ச பாட்டு இது. அவ்வளவுதான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாட்டுக்காகவா அழுவாள் ஒரு பொம்பிளை? பாட்டுக்காக இல்லை. இத்தனை வருஷம் எதைப் பார்த்து நான் ஓடினேனோ, அது இல்லவே இல்லை என்றால் எப்படி இருக்கும்? அண்ணனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு இப்போது ஐம்பது வயசு. "அது அப்பவே எனக்குத் தெரியும்மா. ஆனா நம்பினாத்தானே ஜாலி" என்றான். ஆம்பிளைகளுக்கு ஜாலி. நான் அதை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, ஆயா சொன்னது ஞாபகம் வந்தது. ஆயா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. 'எங்கியோ எடுக்குது, அத்தக் கண்டுபுடி' என்றாளே! மகளின் போனை வாங்கி, அவர் மேடையில் அதே பாட்டைப் பாடுகிற படத்தைப் போட்டுப் பார்த்தேன். காதை விட்டுவிட்டு உதட்டையும் தோளையும் மட்டும் கவனித்தேன். தெரிந்தது, சகோதரிகளே! ஒரு வார்த்தை முடிந்து இன்னொன்று பிறக்கிற இடுக்கில், கண் சிமிட்டுகிற நேரம், வாய் வழியாக ஒரு துளி மூச்சு. மறுபடி ஓட்டம். இன்னொரு இடுக்கு, இன்னொரு துளி. ஒரு வார்த்தையையும் நடுவில் ஒடிக்கவில்லை. தாளம் ஓரிடத்திலும் காத்திருக்கவில்லை.

மறுநாள் பாட்டு டீச்சரிடம் போய்க் கேட்டேன். வயசாகிவிட்டது, ஆனாலும் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். "நாம சும்மா இருக்கும்போது மூச்சு வாங்குற நேரத்தைவிட விடுற நேரம் கொஞ்சம்தான் அதிகம். பாடும்போது வாங்குறது டக்குனு, விடுறது மெதுவா. மேல் மார்பைத் தூக்காம வயிறு, விலா விரியற மாதிரி எடுத்தா சத்தம் கேக்காது. எங்க எடுக்கணும்னு பாடம் பண்ணும்போதே குறிச்சு வச்சுக்கணும். உங்க ஆயா திருப்புகழ்ல தொங்கல் முடிஞ்சதும் எடுப்பாங்க. சந்தம் உடையாது. தீர்ந்துபோனப்புறம் எடுத்தா திணறல். தீர்றதுக்கு முன்னாடியே எடுத்தா சங்கீதம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாட்டின் மேல் இருந்த கோபம் போயிற்று. அவர் நம்மை ஏமாற்றவில்லை. மூச்சு விடாமல் பாட அசுரபலம் வேண்டும் என்று நினைத்தது நாம்தான். அவரிடம் இருந்தது அசுரபலம் இல்லை, மூச்சு எடுக்கிற இடம் எது என்கிற ஞானம். கேட்டவர்கள் கைதட்டினது மூச்சே இல்லை என்று. அவர் உழைத்தது முழுக்க அந்த மூச்சுக்காக. எங்கள் கூடத்தில் அதைச் சரியாகக் கேட்டவள் எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஒருத்திதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். மேடையில் மூச்சை ஒளிப்பது கலை. அது மூன்று நிமிஷம். அதற்கப்புறம் அவர் தண்ணீர் குடிப்பார், உட்காருவார், கைதட்டலை வாங்கிக்கொள்வார். நாம் கொல்லைப்பக்கம் போய் ஒளித்து வாங்குகிற மூச்சு கலை இல்லை. அது வியாதியை மறைப்பது. இந்தியாவில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! அத்தனை பேரும் வீட்டில் 'மூச்சு விடாமல்' வேலை செய்கிறவர்கள்தானே?

ஆகையால், பாட்டுக் கதையோடு நாலு வார்த்தை ஆரோக்கியமும் சொல்லி முடிக்கிறேன். எனக்கு டாக்டர் சொன்னதும் நான் அனுபவத்தில் கண்டதும்தான் இவை.

மாடி ஏறினால், தண்ணீர்க்குடம் தூக்கினால் முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதா? வயசு என்று தள்ளாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள். ரத்தசோகை இல்லாவிட்டாலும் தைராய்டு, ஆஸ்துமா, இருதயம் என்று வேறு காரணம் இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு அதிகமாகப் போனால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ரத்தம் போகிற வழியை அடைக்காமல் முருங்கைக்கீரை மட்டும் தின்றால், ஓட்டைக்குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள். அவை சத்தை உடம்பில் சேரவிடாது. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது. அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்கிற காலம் வரைக்கும் சாப்பிடுங்கள்.

நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், காலில் வீக்கம் இருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பௌர்ணமிக்கு வந்த விருந்தாளி போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். காலையில் டிபன் வேலை முடிந்து மத்தியான சமையலுக்கு முன்னால் கால் மணி நேரம், கூடத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நாற்காலியில் உட்காருகிறேன். கொல்லைப்பக்கம் போவதில்லை. முதல் வாரம் மாமியார், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். "நல்லா இருக்குது அத்தை. மூச்சு எடுத்துக்கறேன்" என்றேன். இரண்டாம் வாரம் அவரும் எதிர்நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்தில் அவர் காலை வேளையில் உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதே இல்லை!

சில நாள் அந்தப் பாட்டையும் போடுவோம். அத்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "இதோ எடுத்தாரு... இதோ இன்னொண்ணு!" என்று விரலை நீட்டுவார். பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனால் தேடுகிறார் பாருங்கள், அதுவே எனக்குப் போதும்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இருப்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் உட்கார்ந்து மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.